விக்கரி ஏற்றிய சிவப்புக் கம்பளி

ஜேபஸ் விக்கரி பொய்யே சொல்ல மாட்டார் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஆள் எங்கள் ஆற்றை ஒரு தடவைகூடக் கடந்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடந்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். நான் அவருடைய விடுதியில் சமையல்காரி. பெயர் வின்னி. ஆட்டுக்கறியை வேகவைத்து, சாம்பலில் ரொட்டி சுட்டு, ரம் குடித்துவிட்டு வழியில் கவிழ்ந்து கிடக்கிறவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தே என் இடுப்பு போயிற்று. அவரைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

மரம்பிஜி ஆறு எங்கள் விடுதிக்கு முன்னால் அகன்று, கூழாங்கல் மேல் ஆழமில்லாமல் ஓடும். சிட்னியிலிருந்து தெற்கே போகிற மாட்டு வண்டி, குதிரை, ஆட்டு மந்தை எல்லாம் அந்தத் துறையில்தான் இறங்கி ஏற வேண்டும். தண்ணீர் ஏறியிருந்தால் இறங்கக் கூடாது. ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்வது விக்கரியின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. வாசலில் ஒரு நெட்டைக் கம்பம் நட்டிருந்தார். கடக்கலாம் என்றால் மாவு மூட்டைத் துணியில் தைத்த ஒரு வெள்ளைத் துணியை ஏற்றுவார். கூடாது என்றால் ஒரு சிவப்புக் கம்பளிப் போர்வையை ஏற்றுவார். எந்தக் கரையில் வந்தாலும் மேட்டில் ஏறும்போதே கண்ணில் படும்.

வெள்ளைத் துணி கடைசிவரை புதுசாகவே இருந்தது. சிவப்புப் போர்வை வெயிலில் வெளுத்து, காற்றில் நார்நாராகக் கிழிந்து, நான் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஆற்றில் நாய் இறங்கினால் அதன் முழங்கால்தான் நனையும். மேலே கம்பத்தில் சிவப்பு ஜோராகப் பறந்துகொண்டிருக்கும். வண்டிக்காரன் இறங்கி வந்து தண்ணீரைப் பார்ப்பான், கம்பத்தைப் பார்ப்பான், விக்கரியைப் பார்ப்பான். அவர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்.

"மேல மலையில மழை. இப்போ பார்த்தா சாதுவாத்தான் இருக்கும். நடு ஆத்துக்குப் போனதும் அள்ளிக்கிட்டுப் போயிடும்."

"ஒரு மேகத்தையும் காணோமேய்யா."

"அதான் சொல்றேன், மலையில. நாளைக்குப் பார்ப்போம். உள்ள வா, இப்போதான் வின்னி கறியை இறக்கினா."

அப்போதுதான் நான் கறியை அடுப்பிலேயே ஏற்றியிருப்பேன்.

காசுக்காகச் செய்கிறார் என்று ஊர் உலகமெல்லாம் நினைத்தது. காசில் அந்த மனிதருக்குச் சாமர்த்தியம் போதாது. தங்கவைத்தவர்களில் பாதிப் பேருக்குச் சும்மா ஊற்றிக்கொடுத்தவர் அவர். அவருக்கு வேண்டியது எதிரில் ஒரு முகம். காலி வீட்டில் அவரால் உட்கார முடியாது. யாரும் வராத நாளில் என் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, நான் உருளைக்கிழங்கு உரிப்பதைப் பார்த்தபடி "அப்புறம்?" என்பார். என்ன அப்புறம்? விடிந்ததிலிருந்து நான் பார்த்தது அந்த உருளைக்கிழங்கு மட்டும்தான்.

ஒரு தடவை ஒரு பாதிரியாரையும் இப்படி நிறுத்திவைத்தார். அவருடைய கழுதை தண்ணீர் குடிக்கப் போய், குடித்துக்கொண்டே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாதிரியார் இக்கரையில் நின்று கழுதையையும் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் நல்ல மனிதர், தங்கினார். ரம் பீப்பாய்களுக்கு நடுவே நின்று பொய் சாட்சி சொல்வதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். விக்கரி முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மறுநாளும் சிவப்பைத்தான் ஏற்றினார்.

நாங்கள் எல்லாரும் இங்கிலாந்தில் தண்டனை வாங்கி, அரசாங்கம் கப்பல் செலவு கொடுத்து அனுப்பிவைத்தவர்கள்தான். என் கதை வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம். விக்கரி வந்தது வாத்தால். டெவன் பக்கத்தில் ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். ஒரு நாள் சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம், பண்ணையாரின் மூன்று வாத்துகள் சீட்டிக்கு மயங்கிப் பின்னாலேயே வந்துவிட்டனவாம். நீதிபதி கேட்டாராம், வாத்துகள் தாமாகவே இறகு பிடுங்கிக்கொண்டனவா என்று. தண்டனைக்காலம் முடிந்து, உரிமம் வாங்கி, எங்கள் துறையில் விடுதி போட்டபோது வாசல் பலகையில் மூன்று வாத்துகளை வரையச் சொன்னார். பெயரே 'மூன்று வாத்து விடுதி'. திருட்டை விளம்பரம் செய்து பிழைத்த ஒரே ஆள் அவர்தான்.

டெவனில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். கெசியா. கல்யாணமாகி முதல் வருஷம் முடிவதற்குள் வாத்து விவகாரம் வந்துவிட்டது. தண்டனை முடிந்தவர்கள் மனு போட்டால் அரசாங்கம் மனைவியைக் கப்பலேற்றி அனுப்பும். விக்கரி மனு போட்டார். அதன் பிறகு, அம்மா தாயே, அந்தக் கெசியா வராமலேயே எங்கள் விடுதியை ஆண்டாள். "கெசியா வந்தா இந்த மேசையை ஜன்னல் பக்கம் போடச் சொல்லுவா." "கெசியாவுக்கு இந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் ஆகாது, வெளியே போய்ப் பேசு." "வின்னி, கெசியா உப்பு கொஞ்சம் குறைச்சுத்தான் போடுவா." ஏதாவது ஒரு நாள் அந்த உப்பு ஜாடியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், கடவுள்தான் காப்பாற்றினார்.

விடுதியின் கோடியில் ஓர் அறை. எங்கள் வீட்டிலேயே கண்ணாடி போட்ட ஒரே ஜன்னல் அங்கேதான். அதை யாருக்கும் விட மாட்டார். ஆயிரக்கணக்கில் ஆடு வைத்திருக்கிற பெரிய மனிதர் வந்து கேட்டார், அவரையும் குதிரை லாயத்துக்கு மேலே படுக்கவைத்தார். அந்த அறையைத் துடைப்பது என் வேலை. கப்பல்கள் வந்தன, போயின. வருஷங்கள் போயின. கெசியா என்று ஒருத்தி இல்லவே இல்லை, இதுவும் இன்னொரு சிவப்புப் போர்வைதான் என்று எங்கள் கரையில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏனென்றால் அவள் தலைமுடி மாறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கருகருவென்று இடுப்புவரை என்பார். இன்னொரு நாள் செம்பு மாதிரி மின்னும் என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"முதலாளி, போன வாரம் கறுப்புன்னீங்க, இந்த வாரம் செம்பட்டைங்கிறீங்க. உங்க பொண்டாட்டி வாராவாரம் தலை மாத்துவாளா?"

வழக்கமாக என்றால் சட்டென்று ஏதாவது கதை கட்டிவிடுவார். அன்றைக்குக் கையிலிருந்த குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறந்துபோச்சு வின்னி. முகம்கூட மங்கிக்கிட்டு வருது. ஆளு வந்து நின்னா தெரிஞ்சுடும்னு இருக்கேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்குக் கறியில் உப்பைக் குறைத்துப் போட்டேன். அவர் கவனிக்கவில்லை.

இனி டோபி கிரேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டு வண்டிக்காரன். எட்டு ஜோடி மாட்டை அதட்டி அதட்டி அவன் தொண்டை ஆற்றைத் தாண்டிக் கேட்கும். விக்கரியின் சிவப்பில் அதிகம் மாட்டிக்கொண்டவன் அவன்தான். 'சிவப்பு ஏறினா புதுப் பீப்பாய் வந்திருக்குன்னு அர்த்தம்' என்று சிட்னிவரைக்கும் பரப்பியவனும் அவன்தான். கடைசியில் எந்த வண்டிக்காரனும் கம்பத்தை நம்பாமல், தாகம் இருந்தால் நிற்பது, இல்லாவிட்டால் இறங்கிவிடுவது என்று ஆகிவிட்டது.

அது வசந்தகாலம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. மலையில் பனி உருகி ஆறு சத்தமில்லாமல் ஏறத் தொடங்கியது. காலையில் கூழாங்கல் தெரிந்தது, வெயில் ஏறுவதற்குள் வேலிக் கட்டை மூழ்கிவிட்டது. மரங்கள் வேரோடு மிதந்து வந்தன. விக்கரி ஓடிப்போய் சிவப்பை ஏற்றினார். எனக்குத் தெரிந்து அந்த வருஷத்தில் உண்மைக்காக அந்தப் போர்வை ஏறியது அன்றைக்குத்தான்.

அக்கரை மேட்டில் கிரேக்கின் வண்டி வந்து நின்றது. மூட்டைகளுக்கு மேலே தொப்பியைத் தாடையில் முடிந்து கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி.

கிரேக் கையை வாயில் குவித்து, "கூ...ஈ" என்று நீட்டிக் கூப்பிட்டான். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"யோவ் ஜேபஸ். உன் சரக்கைக் கொண்டாந்திருக்கேன்யா. கெசியாவாம். நிஜமாவே இருக்காய்யா."

விக்கரி கையில் இருந்த வாளி கீழே விழுந்தது. அது உருண்டுபோய் ஆற்றில் விழுந்ததையும் அவர் பார்க்கவில்லை.  அதற்குள் கிரேக் கம்பத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாடுகளைத் துறையில் இறக்க ஆரம்பித்தான்.

"இறக்காதே," என்று விக்கரி கத்தினார். "வராதே. போ. திரும்பிப் போ." கரையோரம் மேலும் கீழுமாக ஓடி, இரண்டு கையையும் வீசி வீசி விரட்டினார்.

"தெரியும்யா, தெரியும்," என்றான் கிரேக். "பீப்பாயைத் திற, வந்துட்டோம்."

முன் ஜோடி இறங்கியதும் தண்ணீர் அதுகளைப் பக்கவாட்டில் புரட்டியது. நல்ல வேளை, வண்டி இன்னும் கரைமேலேயே இருந்தது. கிரேக் நுகத்தடிச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, சாட்டையை எறிந்துவிட்டு, மற்ற மாடுகளைப் பின்னுக்கு இழுத்தான். முன்னால் போன ஒரு மாடு திரும்பவில்லை. தலை மட்டும் தெரிந்தது, வளைவு திரும்பியதும் அதுவும் தெரியவில்லை. கிரேக் கரையில் உட்கார்ந்து அழுததை நான் இங்கிருந்தே பார்த்தேன். அந்த மாட்டின் பெயர் டியூக்.

அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கினாள். தன் பெட்டியை இறக்கி, அதன்மேல் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் பேச்சுவார்த்தை தொடங்கியது. பகலில் கத்தியதில் விக்கரியின் குரல் கம்மிப்போய்ப் பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. ஆகவே அந்தப் பக்கம் கிரேக்கும் இந்தப் பக்கம் நானும் ஒரு புருஷன் பெண்டாட்டியின் வழக்கைத் தொண்டை கிழியக் கத்தி நடத்தினோம். இரண்டு கரையிலும் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஆறு இறங்குற வரைக்கும் இருக்கச் சொல்றாரு," என்று கத்தினேன்.

கிரேக் அவளிடம் குனிந்து பேசிவிட்டு நிமிர்ந்தான். "எத்தனை நாளைக்குன்னு கேக்குறாங்க."

விக்கரி ஆற்றைப் பார்த்தார். அவர் வாயில் வேறு என்ன வரும்? "நாளைக்குப் பார்ப்போம்னு சொல்லு," என்றார்.

நானும் யோசிக்காமல் அதைக் கத்தித் தொலைத்தேன். அக்கரையில் வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பு இங்கே கேட்டது. அவள் எழுந்து நின்றாள்.

"சிட்னியிலேர்ந்து வழியெல்லாம் விசாரிச்சேன்னு சொல்றாங்க," என்று கிரேக் கத்தினான். இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை. "எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னாங்களாம். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே ஊரை நிறுத்திவைக்கிற ஆளுன்னு. இவ்வளவு வருஷமும் அங்க காத்திருந்தாச்சு, ஆத்தங்கரையிலயும் காத்திருக்க முடியாதாம். முதல்ல காதுல விழுந்ததே திரும்பிப் போங்கறதுதானாம்."

"மாடு போச்சே, அதைப் பார்த்தாங்கல்ல?" என்று கத்தினேன்.

"ஆறு பொய் சொல்லலைன்னு தெரியுதாம். ஆளைத்தான் தெரியலையாம். அப்புறம் இன்னொண்ணு." கிரேக் கொஞ்சம் தயங்கினான். "அடுப்படியில இருக்கிற பொம்பளை யாருன்னு கேக்குறாங்க."

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அந்த வதந்தியையும் வழியெல்லாம் விதைத்தது இந்தக் கிரேக்தான் என்று எனக்குத் தெரியாதா? கரைக்கு இறங்கி, ஏப்ரனோடு, கரண்டியோடு நின்றேன்.

"அம்மா, நான்தான் அந்தப் பொம்பளை. சமையல்காரி. இந்த ஆளு காலைக் கழுவாம பாயில ஏறுறதை நான் பார்த்திருக்கேன். எனக்கு வேண்டாம். நீங்களே வந்து எடுத்துக்குங்க."

தொப்பி கொஞ்சம் ஆடியது. சிரித்தாளா, கோபப்பட்டாளா, இங்கிருந்து தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிரேக்கின் குரல் வந்தது.

"இங்க சிட்னிக்குத் தோல் ஏத்திப் போற வண்டி ஒண்ணு நிக்குது. காலையில கிளம்புது. அதுல போறேங்கிறாங்க. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா, வேற ஆளு வாயால வேண்டாமாம். நேர்ல வந்து சொல்லச் சொல்றாங்க."

விக்கரி தண்ணீரிலிருந்து ஓரடி பின்னால் போனார். இங்கே ஓர் உண்மையை நான் உடைத்துச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் விடுதி வைத்திருந்த அந்த மனிதர் கணுக்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதே இல்லை. வாளியில் மொள்ளும்போதுகூட ஒரு கையால் மரக்கிளையைப் பிடித்துக்கொள்வார். கப்பலில் வந்தபோது சங்கிலியோடு அடித்தளத்தில் கிடந்து, புயலில் தண்ணீர் உள்ளே புகுந்து கழுத்துவரை ஏறியதாம். அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார், அதில் கதை எதுவும் கலக்கவில்லை.

காலையில் நான் அடுப்பு மூட்டும்போது அவர் வீட்டில் இல்லை. குட்டை ஓரம் புஜானின் முகாமில் இருந்தார். புஜான் இந்த ஆற்றுக்காரர், நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்கிற பழங்குடி. இந்த ஆற்றுக்கு அவர் ஆட்கள் வைத்த பெயரைத்தான் நாம் இப்போது வாயில் நுழைந்தமட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெள்ளம் ஏறும்போது மரப்பட்டைப் படகில் ஆட்களை அக்கரை சேர்ப்பார், மாவும் புகையிலையும் வாங்கிக்கொள்வார். எங்கள் பேச்சு அவருக்கு எங்களைவிட நன்றாக வரும். விக்கரியின் தண்ணீர் பயம் அவருக்கு வருஷம் முழுக்கச் சிரிக்கப் போதுமான விஷயம்.

நான் ஓடிப் போனபோது புஜான் படகுக்குள் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார்.

"பெரிய மரமெல்லாம் இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு," என்றார். "நான் தனியா போவேன். ஒரு மூட்டையை வேணும்னா ஏத்திக்குவேன். மூட்டை நெளியாது, எந்திரிக்காது, பேசாது. நீ மூட்டையா இருப்பியா, ஜேபஸு?"

"இருப்பேன். சத்தியமா இருப்பேன். வாயே திறக்க மாட்டேன், ஒரு வார்த்தைகூட..."

"இப்பவே பேசுற பாரு."

விக்கரி வாயைப் பொத்திக்கொண்டார். பூட்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவர் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.  என் கேலியெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"வேண்டாம் முதலாளி," என்றேன். "நான் கத்தி, அவங்களை நிறுத்திப் பார்க்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். மூட்டையாகிவிட்டாராம், அதனால் பேசவில்லை. பட்டைப் படகின் அடியில் மல்லாந்து படுத்து, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். புஜான் பின்னால் நின்றபடி துடுப்பால் தள்ளினார்.

நேரே போகவில்லை. கரையோரமாக மேலே வெகுதூரம் போய், அங்கிருந்து ஆற்றோடு சாய்வாக விட்டார். ஒரு முழு மரம் வேரைத் தூக்கிக்கொண்டு வந்தது. புஜான் துடுப்பை எடுத்துவிட்டு அதை வழியனுப்புவதுபோல நின்று பார்த்தார். அது போன பிறகு மறுபடி போட்டார். நடு ஆற்றில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. விக்கரியின் காதுவரை நனைந்திருக்கும். அவர் கையைத் தூக்கி எதையும் பிடிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.  எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன்.

அக்கரையில் தோல் வண்டிக்கு மாடு பூட்டியாகிவிட்டது. பெட்டி மேலே ஏறியிருந்தது. அவள் சக்கரத்தில் ஒரு கால் வைத்தவள் அப்படியே திரும்பி நின்றாள்.

அங்கே நடந்ததைக் கிரேக் பிறகு சொன்னான். அவன் எதையும் ஊதிப் பெருக்குகிறவன். ஆனால் இதை மட்டும் மெதுவான குரலில் சொன்னான், அதனால் நம்புகிறேன்.

விக்கரி கரையில் ஏறி, சொட்டச் சொட்ட அவள் முன்னால் நின்றார்.  

"பேசுங்க," என்றாளாம் அவள். "அதுதானே உங்க தொழிலாம். வழியெல்லாம் சொன்னாங்க."

அவர் ஊரையே பேசி மயக்கியவர் அல்லவா, ஏதாவது இனிப்பாகச் சொல்லப்போகிறார் என்று கிரேக் காத்திருந்தான்.

"உன் தலைமுடி என்ன நிறம்னு எனக்கு மறந்துபோச்சு கெசியா," என்றார் விக்கரி.

கிரேக் நெற்றியில் அடித்துக்கொண்டானாம். உலகத்தைச் சுற்றி வந்தவளிடம் சொல்கிற வார்த்தையா இது?  அவள் தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றினாள். முழுக்க நரைத்திருந்தது.

"பழுப்புன்னு நினைக்கிறேன்," என்றாள். "எனக்கே சரியா ஞாபகமில்ல."

விக்கரி அழத் தொடங்கிவிட்டார். பிரசங்கத்தில் அழுத அழுகை இல்லை, மூக்கு ஒழுக அழுகிற அழுகை. அழுதுகொண்டே இன்னொன்றையும் சொன்னார்.

"அந்த வாத்துங்க பின்னாடி வரலை. நான்தான் திருடினேன். மூணையும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒண்ணைச் சமைச்சதே நான்தானே. இறகையெல்லாம் யாரு புதைச்சதாம்? நீங்களா ஒரு நாள் ஒத்துக்குவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள கப்பல்ல ஏத்திட்டாங்க."

தோல் வண்டிக்காரன் பொறுமையிழந்து, "அம்மா, வர்றீங்களா இல்லையா?" என்று கேட்டான். பதில் வராததால் பெட்டியை அவனே இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

புஜான் அதன்பிறகு யாரையும் ஏற்றவில்லை. ஒரு வெள்ளத்துக்கு ஒரு மூட்டை போதும் என்றார். நாள்கணக்கில் ஆறு இறங்கவே இல்லை. ஆக எங்கள் விடுதிக்காரர் தன் சொந்த விடுதிக்கு எதிர்க்கரையில், ஒரு சொட்டு ரம் இல்லாமல், பூட்ஸ் இல்லாமல், கிரேக்கின் வண்டிக்கு அடியில் குடியிருந்தார். ஊரையெல்லாம் இக்கரையில் நிறுத்திவைத்தவரை ஆறு அக்கரையில் நிறுத்திவைத்தது. நான் இங்கே விடுதியை நடத்தினேன். ஒருவனுக்கும் சும்மா ஊற்றவில்லை. உப்பு என் இஷ்டத்துக்குப் போட்டேன். கோடி அறையைத் துடைத்து, ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் பளபளவென்று ஆக்கிவைத்தேன்.

பகலில் அவ்வப்போது கரைக்குப் போய்ப் பார்ப்பேன். அக்கரையில் இரண்டு பேரும் நெருப்பு மூட்டி எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவள் தொப்பியைத் திரும்பக் கட்டவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் அவள்தான் பேசிக்கொண்டிருப்பாள். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். காற்று இந்தப் பக்கம் வீசினால் நடுவில் ஒரு வார்த்தை மட்டும் அவர் குரலில் வரும். "அப்புறம்?"

பிறகு ஒரு காலையில் நான் வாளியோடு போனபோது கூழாங்கல் தெரிந்தது. புஜான் வீட்டு நாய் ஒன்று முழங்கால் நனைய நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடி விளையாடின. இங்கே என் பக்கம் தங்கியிருந்த ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

நான் கம்பத்துக்குப் போனேன். மாவுத் துணி அதே புதுக் கருக்கோடு மடித்து வைத்திருந்தது. அதைக் கையில் எடுத்தேன். அக்கரையைப் பார்த்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே அவர் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்துவிட்டால் அவருக்கு அறுபது முகங்கள், எனக்கும் அவளுக்கும் அறுபது தட்டுகள். பேசிக்கொள்ள எங்கே நேரம் இருக்கும்?

வெள்ளையைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தேன். சிவப்பு அங்கேயே பறந்தது.

"என்னம்மா வின்னி, தண்ணி வடிஞ்சிருச்சே," என்றான் ஒருவன்.

"மேல மலையில மழை," என்றேன். "நாளைக்குப் பார்ப்போம். உள்ள போய் உட்காரு."

அக்கரையில் கிரேக் மாடுகளை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். காரணமில்லாமல் ஒரு நாளும் எங்கேயும் தங்காதவன், சிவப்பைக் கண்டாலே சிரிக்கிறவன். தண்ணீரைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். நெருப்புப் பக்கம் திரும்பி அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி மேயவிட்டான்.